புது விண்டோஸ் போட்டாச்சு; பழைய சாமான்களை என்ன செய்வது?

வீட்டுக்கு வெள்ளையடித்த மறுநாள் கவனித்திருப்பீர்கள். சுவர் பளபளவென்று இருக்கும்; ஆனால் பழைய ஆணி ஆடும், அலமாரிக் கதவு சரியாக மூடாது. கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டாலும் இதே கதைதான், சகோதரிகளே.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்தது. அதனால் பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். துடியலூரில் எங்கள் தெரு இளம் தாய் ஒருத்தியும் மாற்றினாள்.

"ஏனுங்க்கா, புதுசு போட்டதிலிருந்து பாப்பாவோட ஆன்லைன் வகுப்புல சத்தமே வர்றதில்லீங்க. ரெண்டு விரல் வெச்சுத் தேய்ச்சா பக்கம் நகர மாட்டேங்குது. பணம் கட்டுங்கன்னு ஒரு பெட்டி வேற அடிக்கடி வந்து நிக்குது. மிசின் போச்சுங்களா?"

"மிசினுக்கு ஒண்ணும் ஆகலை அம்மிணி. கூட வந்த சாமான்தான் மக்கர் பண்ணுது" என்றேன்.

லேப்டாப் வாங்கும்போதே கம்பெனிக்காரர்கள் சில புரோகிராம்களைப் போட்டுத் தருவார்கள். சத்தம், டச்பேடு ஆகியவற்றை இயக்கும் டிரைவர்கள் அவசியமானவை. சில மாதம் மட்டும் இலவசமாக ஓடும் வைரஸ் தடுப்பு புரோகிராம் அவசியமில்லாதது. எல்லாமே பழைய விண்டோஸுக்கு அளவெடுத்துத் தைத்தவை. கிரைண்டருக்குப் புது மோட்டார் மாட்டிவிட்டுப் பழைய பெல்ட்டையே போட்டால் வழுக்கும் அல்லவா? அது போலத்தான்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் குழந்தைகளின் போட்டோக்கள், வீட்டுக் கணக்கு, பள்ளிப் பாடங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுங்கள். விண்டோஸை மாற்றும் முன்பே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. மிசினை ரிப்பேர் செய்யலாம். போன போட்டோ திரும்பாது.

2. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, வந்திருப்பதை எல்லாம் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பாருங்கள். புது டிரைவர்கள் அங்கே காத்திருக்கலாம். பல வீடுகளில் கோளாறு இதோடு தீர்ந்துவிடும்.

3. தீராவிட்டால் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, விண்டோஸ் 11க்கான டிரைவரை இறக்குங்கள். வேறு தளங்களில் 'டிரைவர் சரிசெய்து தருகிறோம்' என்று வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

4. கெடு முடிந்த வைரஸ் தடுப்பை எடுத்துவிடலாம். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் அதன் பெயருக்கு எதிரே 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். எடுத்ததும் விண்டோஸின் சொந்தக் காவலான டிஃபெண்டர் தானாக வேலை தொடங்கும். இரண்டு காவல்காரர் ஒரே வாசலில் நின்றால் சண்டைதான். பெயர் தெரியாத எதையும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். அதுவே டிரைவராக இருக்கலாம்.

5. ஒன்றும் சரிப்படவில்லையா? மாற்றிய 10 நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி சென்று 'கோ பேக்' கொடுத்தால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே சத்தம், காமிரா, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்.

இனி அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ம் தேதி தொடங்கியது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அந்த முதல் வருடங்களின் மிசின்களுக்கு இது பொருந்தாது. வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். பாட்டும் பாடமும் பார்க்க, லினக்ஸ் வகையில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத் தெரிந்தவரைக் கொண்டு போட்டுக்கொள்ளலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த வகைதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று திரை கத்தினால் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது. பேசினால், "நாங்களே உள்ளே வந்து சரிசெய்கிறோம்" என்று மிசினைத் தன் கைக்கு எடுத்து, பேங்க் பணத்தை உருவிவிடுவார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல், உடனே 1930க்குச் சொல்லுங்கள். வீட்டில் கோபிப்பார்களே என்று தயங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகும்.

நம்ம தெருப் பெண்ணுக்கு மூன்றாவது வழியிலேயே சத்தம் திரும்பிவிட்டது. டச்பேடும் சொன்னபடி கேட்டது. ரிப்பேர் கடைக்குத் தூக்கும் முன் நீங்களும் ஒரு மத்தியானம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். குக்கர் காஸ்கெட் மாற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை!