ரோட்டேக்ஸ் 50 வெள்ளி மிச்சம்னு சொல்றவங்களுக்கு

பூஜை நேரமும் அன்னதானமும் போடுற இந்தப் பக்கத்துல இன்னிக்கு காடி பத்தி எழுதுறோம். கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறோம்.

வாகன பூஜைக்கு வர்றது பெரும்பாலும் பழைய காடிதான். எலுமிச்சம்பழம் வச்சு, தேங்காய் உடைச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்துல நிக்கிற பெரியவங்க ஆரம்பிச்சிடுறாங்க: "எத்தனை சிசி? ஆயிரத்துக்குள்ளதானே? நல்லது. ரோட்டேக்ஸ் 20 வெள்ளிதான்."

போன தைப்பூசத்துக்கு நம்ம தொண்டர் அக்கா ஒருத்தங்க, கூட்டுப் பணத்துல வாங்கின பழைய விவா 660-ல கோலகங்சார்ல இருந்து ஈப்போ கல்லுமலைக்குக் கிளம்பினாங்க. உள்ளே அஞ்சு பேர், பின்னால அன்னதான அரிசி ஒரு மூட்டை. மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தின ஏத்தத்துல ஏர்கோனை அடைச்சு, ரெண்டாம் கியர்ல ஊர்ந்து, கடைசியில சூடு ஏறி ஓரத்துல நின்னுட்டாங்க. லாரி ஒவ்வொண்ணும் கடந்து போறப்ப காடி ஆடுது, பின்சீட்டுல பிள்ளைங்க அழுவுது. அவங்க வாங்க நினைச்சது மைவி 1.3. "உனக்கு எதுக்கும்மா பெரிய இன்ஜின்"னு தடுத்தது நம்ம கோயில் அண்ணன் ஒருத்தர். பக்கத்துல நின்னு தலையாட்டினது நாங்க.

அதனால இப்ப கணக்குச் சொல்றோம். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1000 சிசி வரை சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. 1201-இல் இருந்து 1400 வரை 70 வெள்ளி. வித்தியாசம் 50. மாசத்துக்கு நாலு வெள்ளி சொச்சம், ஒரு தே தாரிக்கும் ரெண்டு பலகாரமும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியிலும் 1400 சிசி வரை ஒரே பிரிவுதான்.

"சின்ன இன்ஜின் எண்ணெய் குடிக்காது"ங்கிறதும் பாதி உண்மைதான். தனியா டவுனுக்குள்ள ஓட்டினா சரி. ஆள் நிறைய ஏத்தி மலை ஏறினா, மிதியைத் தரையோட அழுத்தி அழுத்தி அதுவும் குடிக்கத்தான் செய்யும். 2005-இல் வந்த முதல் மைவியைப் பாருங்க. உடம்பு ஒண்ணுதான். 1.0-வில் 989 சிசி, மூணு சிலிண்டர், 1.3-இல் 1298 சிசி, நாலு சிலிண்டர். ஒரே பல்லக்கை மூணு பேர் தூக்குறதும் நாலு பேர் தூக்குறதும் ஒண்ணா?

பெருசுதான் நல்லதுன்னு நாங்க சொல்லவே இல்ல. சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போற பாட்டிக்கு 1.0 தாராளம். பராமரிக்காத 1.3-ஐ விட ஒழுங்கா எண்ணெய் மாத்தின 1.0 மேல். பெயர் மாத்துறப்ப புஸ்பாகோம்ல பாஸ் ஆயிடுச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. காலையில இன்ஜின் ஆறியிருக்கிறப்ப போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீலப் புகை வந்தா இன்ஜின் ஆயிலை எரிக்குதுன்னு அர்த்தம், திரும்பி வந்துடுங்க. ரேடியேட்டர் தண்ணி துரு கலர்ல இருந்தாலும் அப்படித்தான்.

எங்க கோபம் சிசி மேல இல்ல. எத்தனை பேர் ஏறுவாங்க, எந்த ரோட்டுல போவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்காம, அதுவும் ஒரு பொம்பள சொந்தக் காசுல வாங்குற காடிக்கு, ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்றது மேலதான்.

வர்ற தைப்பூசத்துக்கு அக்காவும் பிள்ளைங்களும் கோயில் வேன்ல வர்றாங்க. அரிசி மூட்டையை அந்த அண்ணன் காடியில ஏத்தப் போறோம். அவரோடது 1.6.