முற்றுப்பெறாப் பொம்மைகளின் பிரகடனம்

வைகைக் கரையில், கீழடியின் மண்ணுக்கடியில், எங்கள் இயக்கத்தின் முதல் ஆவணம் கிடந்தது. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கூடவே கிடைத்தன. அகழாய்வு அறிக்கை அவற்றை விளையாட்டுப் பொருள்கள் என்றே வகைப்படுத்தியது. பானையின் பயன் முடிந்த இடத்தில் ஆட்டத்தின் பயன் தொடங்கியது. தேய்த்த கைக்கு அங்காடி தேவைப்படவில்லை; தாண்டிய காலுக்கு அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை.

அந்தக் கைகளின் வாரிசுகளாக நாங்கள் ஒன்றுகூடியிருக்கிறோம்: பெற்றோர், தாத்தா பாட்டிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஓலை முடைவோர், மரம் கடைவோர், சொந்தப் பிள்ளை இல்லாவிட்டாலும் தெருப்பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்தவர்கள். வீட்டில் செய்யும் பொம்மை, வாசலுக்கு எட்டிய விளையாட்டிடம், அடுக்களையில் உருளும் தின்பண்டம் ஆகிய மூன்றையும் குழந்தைமையின் அடிப்படைகளாக அறிவிக்கிறோம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இலேயே தன் 31ஆம் பிரிவில் விளையாட்டை உரிமையாக்கியது; 1992இல் இந்தியா அதை ஏற்றது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. அதை வாசலில் இறக்கவே இந்த இயக்கம் எழுந்தது.

பழைய ஒழுங்கு முடிந்துபோனது. அதன் பொம்மை முழுமையாக வந்தது. பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் பூங்கா பூட்டோடு வந்தது. பிள்ளைக்கு நுழைய நேரம் மிஞ்சவில்லை. அதன் தின்பண்டம் பளபளக்கும் உறையோடு வந்தது. பிள்ளைக்குக் கிழிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. பொத்தானை அழுத்தினால் பாடும் நாய்க்குட்டி சில நாளில் ஊமையானது. பேட்டரி தீர்வதற்கு முன்பே பிள்ளையின் ஆவல் தீர்ந்திருந்தது என்பதைக் கவனிக்க அந்த ஒழுங்குக்குப் பொறுமை இல்லை.

எங்கள் தலைக்கொள்கை முழுமையின்மை. பிள்ளையின் கைக்குப் போகும் எந்தப் பொருளிலும் பிள்ளை செய்து முடிக்க வேண்டிய பங்கு ஒன்று இருக்க வேண்டும். முடிந்த பொருள் பார்வையாளரை உண்டாக்குகிறது; முடியாத பொருள் படைப்பாளியை உண்டாக்குகிறது.

சித்திரை வெயிலில் நுங்கைத் தோண்டித் தின்றவர்கள், எஞ்சிய காய்களில் இரண்டை ஒரு குச்சியில் கோத்தார்கள், கவட்டைக் கம்பால் தள்ளினார்கள், வண்டி ஓடியது. உணவும் ஊர்தியும் ஒரே காயில் கிடைத்த நாகரிகம் இது. பூவரசிலை சுருண்டால் பீப்பீ. தென்னங்கீற்று மடிந்தால் கைக்கடிகாரம், இன்னும் கொஞ்சம் மடிந்தால் மூக்குக்கண்ணாடி. பனையோலைப் பின்னலுக்குள் நாலு பொடிக்கல் அடைபட்டால் கிலுகிலுப்பை. கீற்றுக் கடிகாரம் பொழுது சாயும்வரைகூடத் தாங்காது. தாங்காமையே அதன் மேன்மை. அது வாடினால்தான் நாளைக்கு இன்னொரு பிள்ளை மடிக்கக் கற்கும்.

நகரத்தில் ஓலைக்கு எங்கே போவது என்று கேட்போருக்கு அரவிந்த் குப்தா 1970களின் இறுதியிலேயே விடை கொடுத்துவிட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அந்தப் பொறியாளர், மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்று, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் கட்டிக் காட்டினார். சதுரம் நெளிந்தது, முக்கோணம் நெளிய மறுத்தது. பாலங்களில் ஏன் முக்கோணங்கள் நிறைந்திருக்கின்றன என்பதைக் கை முதலில் அறிந்தது, ஏடு பிறகு அறிந்தது.

எங்கள் பட்டறை அடுக்களைக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அரிசி மாவைக் காய்ச்சினால் பசை. ஊறிய காகிதத்தை வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டினால் கூழ். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் அப்பிக் காயவைத்தால் முகமூடி. பாட்டிமார் முறத்தின் பொத்தலை மெழுகி அடைத்த அதே கூழ்தான் இது. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பு. சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. நாலு வயதுப் பிள்ளை அதை மந்திரம் என்று சொல்லும், நாங்கள் திருத்தப் போவதில்லை. வேதியியல் என்ற பெயர் பிறகு வரட்டும்.

கைவினைஞரோடு எங்களுக்குப் பகையில்லை; உறவு மட்டுமே உண்டு. அம்பாசமுத்திரத்தின் மரச் செப்புச் சாமான்களில் சோறும் இல்லை, குழம்பும் இல்லை. இரண்டையும் பிள்ளையே சமைக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை சாய்க்கும் விரலுக்காகவே காத்திருக்கிறது. இவை விலைக்கு வந்தாலும் முடியாத பொருள்கள், ஆகவே எங்கள் பொருள்கள். 2021 ஜனவரி 1 முதல் விற்பனைப் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயமானபோது பதிவு பெற்ற கைவினைஞருக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமையை அதற்காக விட்டுத்தர மாட்டோம்.

நாங்கள் மறுப்பவை உண்டு. பள்ளிக் கைவேலை என்ற பெயரில் இரவு பதினொரு மணிக்குத் தந்தை தெர்மாகோல் அறுக்க, தாய் சமிக்கி ஒட்ட, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும் சடங்கை மறுக்கிறோம். மறுநாள் அதற்கு மதிப்பெண் போடும் துணிவையும் மறுக்கிறோம். படம் எடுத்துக் காட்டுவதற்காகச் செய்யும் அழகையும் மறுக்கிறோம்: கோணலாக ஒட்டிய வாலை, பிள்ளை பார்க்காத நேரத்தில் நேராக்கும் பெரியவருக்கு எங்கள் அமைப்பில் இடம் கிடைப்பது கடினம்.

மரபில் வந்ததெல்லாம் நல்லது என்னும் மயக்கத்தையும் மறுக்கிறோம். பிள்ளையார் கண்ணுக்குப் பதிக்கும் குன்றிமணி நஞ்சு. அது பிள்ளையாரிடமே இருக்கட்டும். புளியங்கொட்டையும் சோழியும் பல்லாங்குழிக்கு அணி, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டைக்கு ஆபத்து. வாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதின் கைக்குப் போகக் கூடாது.

இரண்டாம் உறுதி இடம் பற்றியது. பிள்ளைக்கு இடம் என்றால் பரப்பளவு மட்டும் போதாது. அந்த இடத்தை மாற்றும் அதிகாரமும் வேண்டும். ஜெர்மானியப் படை டென்மார்க்கைப் பிடித்திருந்த 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரூப்பில், நிலவடிவமைப்பாளர் சோரன்சன் முன்வைத்த யோசனையின்படி ஒரு திடல் திறக்கப்பட்டது. பலகையும் செங்கல்லும் கயிறும் மண்ணும் சிறுவரின் பொறுப்பில் விடப்பட்டன. தாம் வகுத்த அழகான பூங்காக்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் கட்டுமான இடத்துக் குப்பையில்தான் களித்தார்கள் என்பதை அவர் முன்பே கண்டிருந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார்: காலி மனை, தெருமுனை, கேட்பாரற்ற மூலை, அங்கே ஒரு மணற்குழி, சில கம்பி வளைவுகள், தாண்டுவதற்குக் கற்கள். யானை, குதிரை உருவங்களை அவர் வைக்கவில்லை. குதிரையைப் பிள்ளை கொண்டுவரும் என்று விட்டுவிட்டார்.

நம்மிடம் விதி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்கச் சொல்கின்றன. பல ஊர்களில் அந்த நிலமும் இருக்கிறது. அதன்மேல் ஜெனரேட்டரும், குடியிருப்போர் சங்கத் தலைவரின் காரும், ‘இங்கே விளையாடக் கூடாது’ என்ற பலகையும் இருக்கின்றன. பலகையை நாங்கள் கழற்றுவோம். நல்ல பலகை, ஊஞ்சலுக்கு ஆகும்.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் அங்கன்வாடியை ஊருக்கு ஊர் கொண்டுசென்றது. அங்கன்வாடி எங்கள் இயற்கைக் கூட்டாளி. ஒவ்வொரு அங்கன்வாடி முற்றத்திலும் மணல் வேண்டும், நிழல் தரும் மரம் வேண்டும், பிள்ளைகள் நகர்த்தக்கூடிய பலகைகளும் டயர்களும் வேண்டும். மணலை இரவில் மூடிவைக்க வேண்டும். பூனைகள் அதற்கு வேறு பயன் காணும். தண்ணீர் விளையாட்டின் அருகே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

வீட்டுக்குள் இடமில்லை என்பது பெரியவர்களின் அளவுகோல். இரண்டு நாற்காலிகளின் மேல் ஒரு பழைய புடவை விழுந்தால் அங்கே ஒரு நாடு உருவாகிறது; அதற்கு எல்லையும் சட்டமும் சில நேரம் சுங்கவரியும் உண்டு. ஒன்று முதல் நாலு வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றில் 180 நிமிட உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்தது. இரண்டு வயதானபின் திரைக்கு ஒரு மணி நேரமே உச்சவரம்பு, ஒரு வயதில் அதுவும் இல்லை. புடவைக் கூடாரம் இந்தக் கணக்கைக் கேட்காமலே நிறைவேற்றுகிறது.

மூன்றாம் உறுதி தின்பண்டம். பிடிகொழுக்கட்டையில் விரல்தடம் பதிந்திருக்கும். அது யாருடைய விரல் என்பதே எங்கள் அரசியல். பாகு காய்ச்சுவது பெரியவரின் வேலை, உருட்டுவது பிள்ளையின் உரிமை. எள்ளும் வெல்லமும் இடிபட்டு எண்ணெய் கசியும்போது, நனைந்த அவலில் தேங்காய்த் துருவல் விரவும்போது, பொட்டுக்கடலை மாவில் உருக்கிய நெய் சேரும்போது மூன்று வயதுக் கைக்கும் அங்கே வேலை உண்டு. உருண்டைகள் ஒரே அளவில் வராது. வர வேண்டாம். தென்மாவட்டங்களில் திருக்கார்த்திகைக்குப் பனங்குருத்தோலைக்குள் மாவை அடைத்து வேகவைக்கும் ஓலைக் கொழுக்கட்டையில் கைவினையும் விளையாட்டும் விருந்தும் ஒரே ஆவியில் வேகின்றன. எங்களுக்குக் கொடி என்று ஒன்று வேண்டுமானால் அந்த ஓலையை ஏற்றலாம்.

இங்கேயும் நேர்மை வேண்டும். வெல்லமும் சர்க்கரைதான், நாட்டுப் பெயர் வைத்தால் பல் மன்னிக்காது. இரண்டு வயதுவரை பிள்ளைக்குத் தனி இனிப்பே தேவையில்லை. பழத்தின் இனிப்பு போதும். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. கடலையை இடித்துத் தரலாம், சிறு பிள்ளைக்கு முழுதாகத் தரலாகாது. இன்னொன்றும் உண்டு: தின்பண்டம் லஞ்சமாகக் கூடாது. சாப்பிட்டால் மிட்டாய், அழாவிட்டால் மிட்டாய், மாமாவுக்கு வணக்கம் சொன்னால் மிட்டாய் என்னும் பேரம் இனிப்பையும் கெடுத்தது, வணக்கத்தையும் கெடுத்தது.

பழமைக்குத் திரும்பும் இயக்கமாக எங்களைக் கருதுவோர் ஏமாறுவார்கள். தமிழ் தன் பிள்ளைகளின் ஆட்டத்தை மதித்த மொழி. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றும் விளையாட்டுக்கே உரியவை. ஆயினும் அங்கேயே பிரிவினையும் இருந்தது: ஆண்பாலுக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாலுக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும். சிற்றில் பருவத்தில் சிறுமியர் மணல்வீடு கட்டினார்கள், சிறுவன் அதைச் சிதைத்தான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சினார்கள். எங்கள் மணலில் இருவரும் கட்டுவார்கள், இருவரும் இடிப்பார்கள், கெஞ்சுவதற்கு அவசியம் இராது. பட்டினப்பாலையில் முக்காற் சிறுதேர் உருட்டிய பிள்ளையின் காலில் பொன் அணி இருந்தது. எங்கள் தேர் வெறுங்கால் பிள்ளைக்கும் உருளும். திண்ணையின் பெருமையைப் பாடுவோர் அதில் எந்தப் பிள்ளை ஏறலாம், எந்தப் பிள்ளை தெருவுக்குள்ளேயே வரலாகாது என்று சாதி வகுத்திருந்ததைப் பாடுவதில்லை. திண்ணையின் நிழல் எங்களுக்கு வேண்டும், அதன் சட்டம் வேண்டாம்.

தாயின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றும் திட்டத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. வீட்டில் செய்தது என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தூக்கம் இருந்தது. ஆகவே இது விதி: மாவு பிசைவது தந்தையின் முறை, பசை காய்ச்சுவது தாத்தாவின் முறை, கிண்ணம் கழுவுவது தின்ற அனைவரின் முறை. சில மாலைகளில் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. அன்று பிள்ளை சும்மா இருக்கட்டும். சலிப்பு ஒரு வளம். அதை நிரப்பத் துடிப்பவர்கள் பெரியவர்களே.

பணி இப்படித் தொடங்குகிறது. ஞாயிறுதோறும் மாலை நாலு மணி முதல் ஆறு மணிவரை ஒவ்வொரு கிளையும் ஒரு தெருவை வாகனங்களிடமிருந்து கேட்டு வாங்கும். உள்ளாட்சியின் ஒப்புதலை முறையாகப் பெறும். மறுத்தால் மறுபடியும் விண்ணப்பிக்கும். ஓலை முடையத் தெரிந்த முதியவர் இருக்கும் ஊரில், அவருக்கு ஊதியம் கொடுத்து அங்கன்வாடியில் உட்காரவைக்கும். தச்சர் கடையின் கழிவுக்கட்டை, தையற்கடையின் துண்டுத்துணி, சைக்கிள் கடையின் பழைய டியூப் ஆகியவற்றை வாரம் ஒருமுறை வாங்கி, சலித்து, ஆணி பார்த்து, பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கும்.

உறுப்பினர் கட்டணம் கிடையாது. முதல் கூட்டத்துக்கு வருவோர் ஆளுக்கு ஒரு காலி அட்டைப் பெட்டியும் ஒரு பாகம் கயிறும் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். பெரியவர்கள் தரையில் உட்கார வேண்டியிருக்கும். நாற்காலிகள் கூடாரத்துக்குத் தேவைப்படுகின்றன.