எங்கே சாப்பிடுவது?

ஸ்ரீரங்கம் யாத்திரை செல்லும் நேயர்கள், பெருமாள் சேவை எப்போது என்பதற்கு முன்பே, 'சாப்பாடு எங்கே?' என்று வினவுகிறார்கள். அருகிலுள்ள திருவானைக்காவில், 1943-ல் தொடங்கிய பார்த்தசாரதி விலாஸின் நெய் ரோஸ்டைச் சிபாரிசு செய்ய நாம் தயங்கோம்.

ஆனால், 'எந்தப் பக்கம் உட்காருவது?' என்று கேட்க வேண்டியிருந்த காலமும் ஒன்று உண்டு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் சாப்பாட்டு விடுதிகளிலேயே பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு வேறிடம்! டிக்கெட்டுக்கு மட்டும் ஒரே விலை. பெரியார் ஈ.வெ.ரா. முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின், 1941-ல்தான் அந்தப் பேதம் ஒழிந்தது.

ரங்கநாதர் சந்நிதியிலோ 2012 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறுகிறது. அடுத்த முறை ரோஸ்டைச் சற்று ஒத்திவைத்து, குழந்தைகளுடன் அந்தப் பந்தியில் அமருங்கள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று மட்டும் விசாரிக்க வேண்டாம்.