பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

கொஞ்சம் நீண்ட பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டு செய்து வைத்த நிகழ்ச்சிகள் நம் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. பல பெட்டிகளில் அந்தப் பதிவு அந்தப் பெட்டிக்கு மட்டுமே புரியும்படி பூட்டப்பட்டிருக்கும். பென் டிரைவைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினால் ஃபைல் தெரியும், படம் ஓடாது. புதுப் பெட்டியில் செருகினால் ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்கும். சில பெட்டிகளில் சந்தா நின்றால் பழைய பதிவும் நின்றுவிடும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி, கல்லூரியில் படிக்கும்போது உள்ளூர் கேபிள் சேனலில் பட்டிமன்றம் பேசினாள். அவள் அப்பா அதைப் பெட்டியில் பதிந்து வைத்து, வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவார். போன வருஷம் ஹெச்டி பெட்டி இலவசம் என்று சொல்லிப் பழையதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா இன்று இல்லை. அந்தப் பட்டிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் அவர் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியும் இல்லை. சேனலில் கேட்டதற்கு, அவ்வளவு பழையதெல்லாம் வைத்திருப்பதில்லை என்றார்களாம்.

சினிமாவைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு என்பது எனக்கும் தெரியும். அது நியாயம். ஆனால் ஊர்க் கும்பாபிஷேக நேரடி ஒளிபரப்புக்கும் அதே பூட்டு எதற்கு? அது போகட்டும். பெட்டியைக் கழற்ற வரும் தம்பி, "அம்மா, உள்ளே ஏதாவது பதிவு இருக்கா? எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கம்பெனி விதி போடக் கூடாதா? காஸ் சிலிண்டர் போடுபவர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே போகிறார்.

"எல்லாம் யூடியூப்ல இருக்கு டீச்சர்" என்று என் பழைய மாணவர்கள் சொல்வார்கள். சினிமாப் பாட்டு இருக்கும். எங்கள் சின்ன மாமனார் பொதிகையில் தவில் வாசித்த அரை மணி நேரம் இருக்கிறதா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். அது தஞ்சாவூரில் என் நாத்தனார் மகன் வீட்டுப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

பெரிய நிறுவனங்கள் காப்பாற்றி வைக்கும் என்றும் நம்ப முடியாது. பிபிசியே 1960களிலும் 70களிலும் டேப் விலை அதிகம் என்று பழைய நிகழ்ச்சிகளை அழித்து, அதன் மேலேயே புதியதைப் பதிந்தது. 'டாக்டர் ஹூ' தொடரில் பல பகுதிகள் அப்படித்தான் போயின. பிற்பாடு சில பிரதிகள் தனி ஆட்களிடமிருந்து கிடைத்தன. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்று ஓர் அம்மா, முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவர், முப்பது வருஷத்துக்கு மேல் தன் வீட்டில் டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். 2012இல் அவர் இறந்தபோது சுமார் 70,000 வீடியோ கேசட்டுகள் இருந்தன. அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் வாங்கிப் பாதுகாக்கிறது. நம் வீட்டில் அத்தனைக்கு இடம் கிடையாது, வேண்டியதும் இல்லை. பத்து டிவிடி போதும். சீரியலை விடுங்கள். நம் மனுஷர்கள் தெரியும் நிகழ்ச்சியை எடுங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். பூட்டை உடைக்கும் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீர்கள், வைரஸ்தான் வரும். பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் இருக்கும். அதிலிருந்து வயரை டிவிடி ரெக்கார்டருக்கோ, லேப்டாப்பில் செருகும் வீடியோ கேப்சர் ஸ்டிக்குக்கோ கொடுக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியாக எடுக்கப் பார்த்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும், அதற்கும் ஒரு பூட்டு உண்டு. ஏவி வழியில் படம் கொஞ்சம் மங்கும். முகம் தெரிந்தால் போதும் எனக்கு. இரண்டு மணி நேர நிகழ்ச்சியை எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. அந்த நேரம் ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சவுண்டு கூட்டினால் அந்தக் கோடும் சேர்ந்து பதிவாகும்.

4.7 ஜிபி டிவிடியில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ரெக்கார்டரில் எடுத்தால் கடைசியில் 'ஃபைனலைஸ்' கொடுக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது. திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ வேண்டாம், ஒரே தடவை எழுதும் டிவிடி-ஆர் வாங்குங்கள். யாரும் தவறிப்போய் அழிக்க முடியாது என்பதற்காகவே எனக்கு டிவிடி பிடிக்கும். மேலே காகிதம் ஒட்டாமல் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுங்கள். வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். நம் ஊர் சூட்டில் அதுவும் காலத்துக்கும் நிற்காது. அதனால் ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி. இதெல்லாம் தலைவலி என்றால் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் கேளுங்கள், பழைய கேசட்டை மாற்றித் தருபவர்கள் இதையும் செய்வார்கள். சந்தா இருக்கும்போதே பெட்டியோடு போங்கள்.

சட்டம் பற்றி மருமகன் கேட்டார். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. வீட்டில் பார்க்கலாம். பிரதி போட்டு விற்கவோ, யூடியூபில் ஏற்றவோ கூடாது.

சின்ன மாமனாரின் தவில் இப்போது மூன்று டிவிடியில் இருக்கிறது. கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் பெட்டியிலேயே இல்லை, அங்கே மின்சாரம் போயிருக்கிறது. அன்று அந்த நிகழ்ச்சியை வேறு யாராவது பதிந்து வைத்திருந்தால், பெட்டியை மாற்றிவிடாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள்.