இணைப்பை விற்றவர் பதில் சொல்ல வேண்டாமா?



2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் இணையமும் தராசு, படிக்கல் போல் கடைக்கு அவசியமாகிவிட்டது. மாதாந்திரக் கணக்குத் தருவோர் 20ஆம் தேதிக்குள் 3பி படிவம் அனுப்பாவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி உள்ள சரக்கு நம் மாநிலத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் லாரி நகராது. கம்பி இணைப்பு வராத கிடங்குகளில் இதற்கெல்லாம் டாங்கிள்தான் கதி.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிய மனமில்லாத நம்மில் சிலர் இலவசமான லினக்ஸுக்கு மாறியுள்ளோம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனமே சென்னையில் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. ஆனால் டாங்கிள் விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால், "லினக்ஸா? எங்கள் பொறுப்பல்ல" என்று போனை வைத்துவிடுகிறார்கள். சிக்னல் இல்லாத நாளிலும் இதே பதில்தான்.

இது நியாயமா? பல டாங்கிள்கள் செருகியதும் முதலில் சி.டி. போலத் தெரியும். உள்ளே இருப்பது விண்டோஸ் மென்பொருள். லினக்ஸில் யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற இலவச நிரல் அதை மோடமாக மாற்றிவிடும். பிறகு நிறுவனத்தின் ஏ.பி.என். பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அந்த ஒரு பெயரைச் சொல்லக்கூட சேவை மையத்தில் ஆள் இல்லை.

குற்றம் எங்கே என்று நாமே பார்க்கலாம். அதே சிம்மை ஆண்ட்ராய்டு போனில் போட்டு, யு.எஸ்.பி. கம்பியால் அதே கம்ப்யூட்டரில் இணைத்து, டெதரிங் கொடுங்கள். இணையம் வந்தால் சிம்மும் கம்ப்யூட்டரும் சரி, கோளாறு டாங்கிளில் அல்லது அதன் அமைப்பில். போனிலேயே இணையம் வராவிட்டால் லினக்ஸைக் குறை சொல்ல இடமில்லை.

நாம் விற்ற பருப்பில் வண்டு இருந்தால், "உங்கள் டப்பா சரியில்லை" என்று தப்பிக்கிறோமா? மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு மட்டும் தனி தர்மமா?

டிராயின் 2024ஆம் ஆண்டு விதிப்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் ஈடு உண்டு. ஒரு கடைத்தெருவில் மட்டும் நின்றால் அந்த விதியில் ஈடு இல்லை. ஆகவே புகார்தான் நம் ஆயுதம். ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். தீர்வு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

புதிதாக வாங்குவோர், தனி மென்பொருள் இல்லாமல் நெட்வொர்க் கார்டு போல இயங்கும் டாங்கிளா என்று கேட்டு, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். லினக்ஸில் இயங்குமா, இயங்காதா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்லி நம் சங்கம் நிறுவனங்களுக்கு எழுத வேண்டும். உறுப்பினர்களின் புகார் எண்களைத் திரட்டி ஒரே மனுவாகக் கொடுத்தால் தட்டிக்கழிக்க மாட்டார்கள். நிர்வாகிகள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.