புற்றுநோயை வென்றால் போதுமா?

குழித்துறை ரயில் நிலையத்தில் காலை வேளையில் திருவனந்தபுரம் செல்லக் காத்திருப்போரிடையே, மருத்துவக் கோப்புகளைக் கையில் ஏந்தியவர்களைக் காணாத நாளில்லை. அவர்களில் பலர் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்பவர்கள். அம்மையமும், இதய சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் ஒரே மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் அமைந்துள்ளன. ஆனால், சாமானிய மக்களின் மனத்தில் புற்றுநோயும் இதய நோயும் இருவேறு உலகங்கள்.

மருத்துவ அறிவியல் அவ்வாறு கருதவில்லை. புகையிலை, உடல் பருமன், சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை, முதுமை ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணிகள். எனவே, புற்றுநோயுடன் மருத்துவமனைக்கு வருபவர் ஏற்கெனவே நலிந்த இதயத்துடன் வரக்கூடும்.

சிகிச்சையும் இதயத்தைத் தாக்கலாம். மார்பகப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்குத் தரப்படும் டாக்சோரூபிசின் மருந்தின் மொத்த அளவு கூடக்கூட, இதயத் தசை பலவீனமடையும் வாய்ப்பும் கூடுகிறது. டிராஸ்டுசுமாப் மருந்து சிலருக்கு இதயத்தின் இயங்குதிறனைக் குறைக்கிறது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் அதைச் சீராக்கிவிடலாம். இடது மார்பகத்துக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சின் விளைவு, பல ஆண்டுகள் கழித்து இதய ரத்தக் குழாய் அடைப்பாக வெளிப்படக்கூடும்.

இதற்கு அஞ்சி சிகிச்சையைத் தவிர்ப்பது பெருந்தவறு. உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே இதயத்தையும் காப்பதுதான் வழி. சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவரின் இதய அபாயத்தையும் மதிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை வலியுறுத்துகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி ஆகிய பரிசோதனைகளும், தேவைப்படுவோருக்கு எக்கோ பரிசோதனையும் புற்றுநோய் மருந்துகளின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவே.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பளிக்கிறது. ஆயினும், அது பெரிதும் மருத்துவமனைச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. சிகிச்சை முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய கண்காணிப்பின் சுமை குடும்பத்தின் தோளில் விழுகிறது. பயணச் செலவு, இழக்கும் தினக்கூலி, உடன் செல்பவரின் வருமானம் ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டில் சேர்வதில்லை. வலி இல்லாதபோது அந்தச் செலவைச் செய்ய ஏழைக் குடும்பம் தயங்குவது இயல்பே.

தமிழக அரசு 2023-இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கியது. நோயைக் கண்டறிவதில் முன்னோடியான இம்மாவட்டம், நோயிலிருந்து மீண்டவர்களைக் காப்பதிலும் முன்னோடியாகலாம்.

அதற்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. சிகிச்சை முடிந்து திரும்பும் ஒவ்வொருவருக்கும், பெற்ற மருந்துகளும் அவற்றின் மொத்த அளவும் கதிர்வீச்சு பெற்ற இடமும் குறிக்கப்பட்ட ஒரு பக்க அட்டை வழங்கப்பட வேண்டும். எல்லை தாண்டி கேரளத்தில் சிகிச்சை பெறுவோருக்கு இது மிகவும் அவசியம். அவர்களின் பெயர்கள் வட்ட அரசு மருத்துவமனையில் பதிவு செய்யப்பட வேண்டும். 2021 முதல் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கண்காணிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களின் பட்டியலில் இவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

லட்சக்கணக்கில் செலவிட்டுப் புற்றுநோயிலிருந்து மீட்ட ஓர் உயிரை, சில நூறு ரூபாய் பரிசோதனை இன்றி மாரடைப்புக்குப் பறிகொடுப்பது மருத்துவத்தின் தோல்வி மட்டுமன்று, பொருளாதாரத்தின் தோல்வியும்கூட.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), குழித்துறை.