பேயைத் தேடும் பிள்ளைகள்

பத்து காஜாவிலுள்ள கெல்லி மாளிகைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், "டீச்சர், இங்கே பேய் இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வி. உடன்வரும் பெற்றோரும் ஆவிக் கதைகளைச் சொல்லி அச்சமூட்டுகின்றனர்.

தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் காலமானார், மாளிகை முற்றுப்பெறவில்லை. கட்டுமானக் காலத்தில் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தது. எஞ்சியோர் வேண்டியபடி எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் உள்ளது. அதன் கூரையில் ஸ்மித்தின் சிலையும் உண்டு.

ஆளில்லாக் கட்டடத்தில் இருளும் எதிரொலியும் போதும். மனம் பேயைப் படைத்துவிடும். நம்புவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், பேயைத் தேடும் பிள்ளைகளுக்கு, அங்கு உழைத்து மாண்ட நம்மவரை யார் காட்டுவது?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, அடுத்த சுற்றுலாவைக் கோயிலிலிருந்து தொடங்குவோமா?